விபத்து பயத்தோடு ஸ்கூபா கற்பது எப்படி? பெங்களூரு நீச்சல் குளம் முதல் நேத்ராணி கடல் வரை

பெங்களூரிலிருந்து ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது, கற்கக் கிளம்பும் தமிழர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் இளைஞர்கள், அல்சூரில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பத்துப் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆசைப்பட்டு வருபவர்கள் என்று பலவகை. கேள்வி மட்டும் ஒன்றுதான்: "உள்ள போனப்புறம் ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று முதுகில் தட்டுவது இதற்குப் பதில் இல்லை. ஆகலாம். ஆனால் தண்ணீருக்கடியில் என்னென்ன ஆகும், எதனால் ஆகும், அப்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்த விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி இருக்கிறது. தைரியம் முதலில் வந்து பயிற்சி பிறகு வருவதில்லை. கை பழகப் பழகத்தான் மனம் அடங்குகிறது. அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

படி 1: பயத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடலை நினைத்தால் கண்முன் வரும் காட்சிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். காற்று தீர்ந்துபோவது, மாஸ்க் கழன்று தண்ணீர் புகுவது, காது வெடிப்பது, கூட வந்தவர்களைத் தொலைப்பது, சுறா, பதற்றத்தில் புத்தி வேலை செய்யாமல் போவது. எழுதி முடித்தபின் பார்த்தால் பெரும்பாலும் ஏழெட்டுக்கு மேல் இருக்காது. இனி இந்த ஏழெட்டோடுதான் வேலை.

உண்மையான விபத்துகள் எப்படி நடக்கின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைவர்களின் பாதுகாப்புக்கென்றே இயங்கும் அமைப்பு டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க். 1992 முதல் 2003 வரை நடந்த 947 உயிரிழப்புகளை அதன் ஆய்வாளர்கள் அலசினார்கள். தொடக்கக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்று போதாமல் போனதால் ஆரம்பித்தவை. 20 சதவீதம் எதிலாவது சிக்கிக்கொண்டவை. கருவிக் கோளாறு 15 சதவீதம். உயிரைப் பறித்த காரணங்களில் மூச்சுத்திணறலுக்கும் வேகமாக மேலே ஏறியதால் வந்த நுரையீரல் பாதிப்புக்கும் அடுத்தபடியாக இதயக் கோளாறு இருக்கிறது. உங்கள் தாளில் சுறா மேலேயும், சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்க்க மறப்பது கீழேயும் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். உங்கள் கவனம் தேவைப்படும் இடம் கேஜ்தான்.

படி 2: உடம்பைக் காட்டிவிட்டு வாருங்கள்

பயிற்சியில் சேரும்போது ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை, சர்க்கரை, கர்ப்பம் எல்லாம் அதில் இருக்கும். "ஆமாம்னு போட்டா விடமாட்டாங்க" என்று நினைத்து எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆமாம் என்றால் பெரும்பாலும் டாக்டரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். அவர் வேண்டாம் என்றால் இறங்கக் கூடாது. 45 வயதைத் தாண்டியவர்கள் இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த ஊருக்கு வந்தபின் மூக்கடைப்பும் தும்மலும் நிரந்தரமாகிவிட்டதாகச் சொல்பவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது அவசியம். சளியோடு இறங்கினால் காதில் அழுத்தம் சமனாகாது. மாத்திரை போட்டுச் சமாளித்து இறங்கினால், தண்ணீருக்கடியில் மருந்தின் வேகம் குறையும்போது ஏற முடியாத அளவுக்கு வலிக்கும்.

சிறுவயதில் கிணற்றில் மூழ்கியவர்கள், 2004 சுனாமியை நேரில் பார்த்த கடலோரக் குடும்பத்தினர் ஆகியோருக்கு இருக்கும் பயம் வேறு வகை. அலைச் சத்தத்திலேயே உடம்பு நடுங்கினால், தூக்கத்தில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், ஸ்கூபா ஆசிரியர் அதற்கு மருந்தாக மாட்டார். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, ஊர் முழுக்க நல்ல உளவியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதலில் அங்கே போங்கள், கடல் காத்திருக்கும்.

படி 3: நீச்சல்

சான்றிதழ் பயிற்சிக்கு 10 நிமிடம் மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும், 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். வேகம் முக்கியமில்லை. ஆனால் பயப்படுகிறவர்கள் இந்தக் குறைந்தபட்ச அளவோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. கால் எட்டாத ஆழத்தில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக மூச்சுவிட முடிகிறதா? முடியும் வரை குளத்துக்குப் போய்க்கொண்டிருங்கள்.

படி 4: சொல்லித்தருபவரைத் தேர்ந்தெடுங்கள்

முன் அனுபவமே இல்லாமல் ஆசிரியரின் பிடியில் ஒருமுறை கடலில் இறங்கிப் பார்க்கும் 'ட்ரை டைவ்' எல்லா இடத்திலும் கிடைக்கும். பயமில்லாதவர்களுக்கு அது நல்ல ஆரம்பம். பயம் உள்ளவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அரைமணி நேர விளக்கம் கேட்டுவிட்டு அலையில் இறங்குபவருக்கு ஏதாவது பிசகினால் செய்வதற்குக் கையில் ஒன்றுமே இருக்காது. குளத்தில் நன்றாகப் பழகிவிட்டுக் கடலுக்குப் போகும் முழுப் பயிற்சிதான் உங்களுக்குச் சரி.

பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? எனக்கு இருவருக்கு மேல் வேண்டாம், கூடுதல் கட்டணம் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்வீர்களா? படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அளவுக்கு வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர்களுக்கு சர்வீஸ் எப்போது நடந்தது? ஒரு பயிற்சியை நான் பாதியில் நிறுத்தினால் மறுபடி செய்ய நேரம் தருவீர்களா? ஆசிரியரின் தகுதியை அவர் சார்ந்த அமைப்பின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம், அதையும் செய்யுங்கள்.

கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். "எனக்கு பயமா இருக்கு சார்" என்று முதல் நாளே சொல்லிவிடுவதும் நல்லது. நல்ல ஆசிரியர் அதைக் கேட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். பெங்களூரில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடக்கும். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றாலும் நிறுத்திக் கேளுங்கள்.

படி 5: குளத்தில் கையைப் பழக்குங்கள்

பாதி வேலை இங்கேதான் முடிகிறது, அதனால் அவசரப்பட வேண்டாம்.

முதலில் ரெகுலேட்டர். "திடீர்னு காத்து நின்னு போயிடுச்சுன்னா?" என்பது எல்லோருடைய தாளிலும் இருக்கும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய தரையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சிலிண்டரின் தலையில் இருக்கும் முதல் பகுதி அதைச் சுமார் 10 பாராகக் குறைக்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் பகுதி, சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கித் தருகிறது. அதன் வால்வு கோளாறானால் மூடிக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அதாவது கெட்டுப்போனால் காற்று நிற்பதற்குப் பதில் கொட்டும். கொட்டும் காற்றை வாயோரமாக உறிஞ்சி மூச்சுவிடுவதும் ஒரு பயிற்சிதான், அதைக் குளத்தில் செய்து பார்ப்பீர்கள். ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டே இருமலாம், வாந்தியும் எடுக்கலாம்.

அடுத்தது மாஸ்க். புதியவர்கள் பெரும்பாலும் பதறுவது இங்கேதான். மூக்கில் தண்ணீர் பட்டவுடன் மூச்சு தானாக நிற்கும், அது உடம்பின் இயல்பு. வீட்டிலேயே தொடங்குங்கள்: ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்நார்கல் என்ற மூச்சுக்குழாயை வாயில் வைத்து, மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி வாயால் மட்டும் மூச்சுவிடுங்கள். இது சாதாரணமானபின் குளத்தில் கால் பங்கு நிரப்பி வெளியேற்றுங்கள், பிறகு பாதி, பிறகு முழுவதும், பிறகு கழற்றி மாட்டுவது. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் சீராக ஊதினால் தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். ஒருமுறை வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பேசிக்கொண்டே செய்கிற அளவுக்குச் சலிப்பு தட்ட வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். நம் மரபில் வந்த எண்ணம் இதற்கு நேர் எதிரானது. தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் சங்கும் முத்தும் குளித்தவர்கள் மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவர்களுடைய நுரையீரலுக்கு ஆபத்தில்லை. நீங்களோ ஆழத்திலேயே அழுத்தமான காற்றை இழுக்கிறீர்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கடல் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. 10 மீட்டரில் நிறைத்த 5 லிட்டர் காற்று மேலே வரும்போது 10 லிட்டராகும். மூச்சை அடக்கியிருந்தால் அதற்குப் போக இடமில்லை, நுரையீரல் கிழியும். ஒன்றரை மீட்டர் குளத்திலும் இது நடக்கக்கூடும். ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்திலெல்லாம் "ஆ…" என்று சிறு குமிழிகள் விட்டுக்கொண்டே இருக்கக் கற்றுத்தருவது இதனால்தான்.

நான்காவது, பதற்றமே ஒரு பயிற்சி. பயத்தில் மேலோட்டமாக, வேகமாக மூச்சுவிடுவோம். அப்போது கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்கும். அது தேங்கத் தேங்க, சிலிண்டர் நிறைய காற்று இருந்தாலும் "மூச்சே வரலை" என்று மூளை அலறும். ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாய்கிறவர்களுக்கு நடப்பது இதுதான். மாற்று ஒன்றே: அசைவை நிறுத்துங்கள், உள்ளிழுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் வெளிவிடுங்கள், பிறகு யோசியுங்கள், பிறகு செயல்படுங்கள். இந்த வரிசையைக் குளத்தின் அடியில் உட்கார்ந்து பழகுங்கள். சில்க் போர்டு நெரிசலில் காருக்குள் உட்கார்ந்தும் பழகலாம், நேரத்துக்கு அங்கே பஞ்சமில்லை.

படி 6: காற்றுக் கணக்கு

வழக்கமான சிலிண்டரில் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று இருக்கும். கடைசி 50 பாரைத் தொடாத சேமிப்பாக வைத்தால் மீதி 1,650 லிட்டர். புதியவர் தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் அது 40 லிட்டர், ஆகவே சுமார் 40 நிமிடம். ஆரம்பச் சான்றிதழின் எல்லையான 18 மீட்டரில் 56 லிட்டர், அரைமணி நேரத்துக்கும் குறைவு. பதறினால் அதிலும் பாதி. இந்தக் கணக்கைச் சொந்தக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் கேஜைப் பார்க்க மறப்பதில்லை.

சில நிமிடத்துக்கு ஒருமுறை கேஜைப் பாருங்கள். 100 பாரில் ஆசிரியருக்குக் காட்டுங்கள். 50 பார் மிச்சத்தோடு மேலே இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன் கேஜைப் பார்த்தபடி நாலைந்து முறை மூச்சிழுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.

அப்படியும் தீர்ந்துபோனால்? கூட்டாளியிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு உபரி ரெகுலேட்டர் தொங்கும். கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டி அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு, கையைப் பிடித்தபடி இருவரும் மெதுவாக ஏறலாம். அவர் எட்டாத தூரத்தில் இருந்தால், ஒரே மூச்சில் "ஆ…" என்று விட்டபடி நீந்தி ஏறும் முறை இருக்கிறது. குளத்தில் 9 மீட்டர் படுக்கைவாட்டில் நீந்திப் பழகுவீர்கள். ஏற ஏற நுரையீரலில் காற்று விரிவதால், நினைப்பதைவிட அது எளிது.

படி 7: மெதுவாக ஏறக் கற்றுக்கொள்ளுங்கள்

அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. கோலி சோடாவின் கோலியைத் தட்டியதும் பொங்குவதுபோல, அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழியாகிறது. மூட்டுவலி, தோல் அரிப்பு, மரத்துப்போதல், பக்கவாதம் வரை போகலாம். படிப்படியாக ஏறினால் தடுக்கலாம் என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட அட்டவணைகள்தான் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்ட இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்கு மூலம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள், கம்ப்யூட்டர் சொல்வதை மீறாதீர்கள்.

படி 8: கூட்டாளியும் சைகையும்

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும் என்பார்கள், கடலில் இறங்கவும் அப்படித்தான். கூட்டாளி கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். படகிலேயே அவருடைய கருவிகளைத் தொட்டுப் பாருங்கள், அவர் உங்களுடையதைப் பார்க்கட்டும்: காற்றடைக்கும் ஜாக்கெட், மூழ்க உதவும் எடைப்பட்டி, கொக்கிகள், காற்று.

ஒரு எச்சரிக்கை. கட்டைவிரலை உயர்த்தினால் கடலில் "மேலே போவோம்" என்று பொருள். நலமாக இருப்பதைச் சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். பழக்கதோஷத்தில் மாற்றிக் காட்டுபவர்கள் பலர்.

படி 9: வீட்டில் சொல்லுங்கள்

வீட்டாரின் பயமும் நம்மோடு தண்ணீருக்குள் வரும். வொய்ட்ஃபீல்டில் இருக்கும் ஒரு தோழியின் அம்மா கரூரிலிருந்து போனில் சொன்னது: "உனக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் அப்பவே சொல்லியிருக்காருடி." அவள் வாதாடவில்லை. "அம்மா, தனியா போகலம்மா. எத்தனை மணிக்கு இறங்குறோம், எத்தனை மணிக்கு வெளிய வர்றோம், யாரோட நம்பர், எல்லாம் எழுதி அனுப்புறேன். பயிற்சி வீடியோவும் பாரு" என்றாள். மறைத்துவிட்டுப் போகாதீர்கள். டைவிங் விபத்துக்கான காப்பீடு எடுத்து, அதன் அவசர எண்ணையும் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 10: கடல் நாள்

வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி விடியலில் கர்நாடகக் கடற்கரை ஊரான முருடேஸ்வரில் இறங்கி, நேராகப் படகில் ஏறி நேத்ராணி தீவுக்குப் போவது நம் ஊர்க்காரர்களின் வழக்கமான திட்டம். தூக்கமில்லாத, தண்ணீர் குடிக்காத, மலைப்பாதையில் குலுங்கிய உடம்போடு முதல் கடல் டைவ் செய்வது நல்லதல்ல. ஒருநாள் முன்னால் போய்த் தூங்குங்கள். மது வேண்டாம். காலையில் இட்லி போல லேசாகச் சாப்பிடுங்கள். மழைக்காலத்தில் அங்கே டைவிங் கிடையாது. சீசன் தொடங்கிச் சற்று தள்ளி, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களைக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள்.

இறங்கும்போது நங்கூரக் கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கக் கேளுங்கள். ஒவ்வொரு அரை மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே, மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். காது திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள். முதல் 5 மீட்டரில் நின்று, மூச்சு சீரான பிறகே மேற்கொண்டு போங்கள்.

உயிரினங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதையும் தொடாதீர்கள். லயன்ஃபிஷ், ஸ்டோன்ஃபிஷ் போன்றவை முள்ளால் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைப்பது முதலுதவி, பிறகு மருத்துவமனை.

மேற்பரப்பில் பதறினால் முதலில் ஜாக்கெட்டில் காற்றடையுங்கள். போதவில்லை என்றால் எடைகளைக் கழற்றி விடுங்கள். மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் கழற்றாதீர்கள். எடைப்பட்டி இடுப்பிலேயே இருக்க உயிர்விட்டவர்கள் பலர். பெல்ட்டின் விலையை நினைத்துத் தயங்க வேண்டாம்.

எந்த நிமிடத்திலும், யாரிடமும் காரணம் சொல்லாமல், டைவை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. பணம் போகட்டும். படகில் மற்றவர்கள் பார்க்கட்டும். இந்த உரிமையை ஒருமுறை பயன்படுத்தியவர்கள் அடுத்த தடவை நிதானமாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 11: திரும்பும் வழி

இதைப் பெங்களூர்வாசிகளுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டும். அந்தமானிலிருந்து விமானத்தில் திரும்புபவர்களுக்கு விதி தெரியும்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். ஆனால் அந்த விதி விமானத்துக்கு மட்டுமல்ல, சுமார் 600 முதல் 2,400 மீட்டர் வரையான உயரத்துக்கும் பொருந்தும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முருடேஸ்வரிலிருந்து மலைப்பாதை ஏறினாலும், புதுச்சேரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வந்தாலும் அந்த உயரத்துக்குத்தான் வந்து சேர்கிறீர்கள். இரண்டு டைவ் முடித்துவிட்டு அன்று மாலையே காரை எடுக்காதீர்கள். கடலோரத்திலேயே இரவு தங்கி, மணிக்கணக்கைப் பார்த்து மறுநாள் கிளம்புங்கள். திங்கட்கிழமைக்கு விடுப்பு போட்டுவிட்டே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

வந்தபின் ஓரிரு நாளுக்குள் மூட்டில் வலி, கை கால் மரத்தல், தலைசுற்றல், விநோதமான களைப்பு, தோலில் புள்ளி புள்ளியான நிறமாற்றம் எதுவானாலும் "பஸ்ல உக்காந்து வந்ததால இருக்கும்" என்று தூங்கப் போகாதீர்கள். காப்பீட்டின் அவசர எண்ணை அழையுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை எங்கே இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே விசாரித்து போனில் ஏற்றி வைத்திருங்கள். மருத்துவமனையில் உங்கள் முதல் வாக்கியம் "நான் ஸ்கூபா டைவ் செய்துவிட்டு வந்திருக்கிறேன்" என்பதாக இருக்கட்டும். எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம், எப்போது மேலே வந்தீர்கள் என்பது கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும், அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.